பூட்டிய வீட்டில் எத்தனை வாட் ஓடுகிறது? செட்டிநாட்டு வீடுகளில் எனர்ஜி மானிட்டர் பொருத்த ஒரு வழிகாட்டி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல வீடுகள் வருடத்தின் பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். பொங்கலுக்கும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள், போவார்கள். ஆளே இல்லாத வீட்டுக்கு இ.பி. பில் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும். "யாருமே இல்லையே, எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டால் ஊரில் பார்த்துக்கொள்பவருக்கும் பதில் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

வீட்டில் இந்த நிமிடம் எத்தனை வாட் ஓடுகிறது என்பதைச் செல்போனில் காட்டும் கருவிதான் எனர்ஜி மானிட்டர். கருவி சின்னதுதான். ஆனால் நம் பழைய வீட்டில் அதைச் சரியாக வாங்கி, சரியான இடத்தில் மாட்டி, காட்டும் எண் சரிதானா என்று பார்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களில் பாதி அமெரிக்க வீடுகளைப் பற்றியவை. அந்த வயரிங் வேறு, வோல்டேஜ் வேறு. நம் ஊர் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் 70 என்ற எண்ணை மனதில் வையுங்கள்

1 வாட் இடைவிடாமல் 60 நாள் ஓடினால் 1.44 யூனிட். இந்த ஒரு கணக்கு போதும்.

10 வாட் என்றால் 14 யூனிட்டுக்கு மேல். 70 வாட் என்றால் 100 யூனிட். அதாவது, யாரும் இல்லாத வீட்டில் 70 வாட் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால், அரசு தரும் 100 யூனிட் இலவசம் முழுவதும் அதற்கே சரியாகப் போய்விடும். நீங்கள் ஊருக்கு வந்து போடும் முதல் விளக்கே காசுக் கணக்கில்தான் எரியும்.

மானிட்டரில் நாம் தேடப்போவது இந்த அடிச்சுமையைத்தான். ஏ.சி. எவ்வளவு இழுக்கிறது, கீசர் எவ்வளவு இழுக்கிறது என்பதெல்லாம் ஏற்கெனவே அந்தந்தப் பொருளின் மேலேயே எழுதியிருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு எல்லாம் அணைந்திருக்கும்போது எவ்வளவு என்பதை யாரும் எங்கும் எழுதிவைப்பதில்லை.

ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு இன்னோர் எண்ணும் முக்கியம்: 500. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விகிதம் போய்விடும். அந்த ஒரு யூனிட் தாண்டியதற்கே பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல். 600 தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். 1000 தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். கல்யாண வீடு, பேரப்பிள்ளைகள் வந்த விடுமுறை மாதம் இதிலெல்லாம் கணக்கு 480ஐத் தொடும்போதே தெரிந்தால் நல்லதுதானே.

2. காசு செலவழிக்கும் முன் மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள்

இது இலவசம். ஆனால் பலர் செய்வதில்லை.

இ.பி. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு எத்தனை முறை மின்னும் என்பது அது. மீட்டரில் வேறு விளக்குகளும் இருக்கலாம். இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் பாருங்கள்.

எண் 3200 என்றால், ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று பார்த்து, 1125ஐ அதால் வகுங்கள். வருவது வாட். 1600 என்றால் 2250ஐ வகுங்கள். வேறு எண் என்றால் 36,00,000ஐ அந்த எண்ணால் வகுத்து, பிறகு விநாடியால் வகுக்க வேண்டும். செல்போனில் ஸ்டாப்வாட்ச் போதும். வேகமாக மின்னினால் பத்து மின்னல்களுக்கு நேரம் எடுத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

3200 மீட்டரில் 16 விநாடிக்கு ஒருமுறை மின்னினால் சரியாக 70 வாட். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் நேரத்தில், எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகு, மீட்டர் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 40, 50 விநாடிக்கு ஒருமுறை மின்னினால் நிம்மதியாகப் பஸ் ஏறலாம், மானிட்டரே தேவைப்படாது. ஐந்து, ஆறு விநாடிக்கு ஒன்று என்றால் 200 வாட் பக்கம் எங்கோ போகிறது. கீழே உள்ளவை உங்களுக்குத்தான்.

3. எந்த சர்வீஸ் (மின் இணைப்பு) வீட்டின் எந்தக் கட்டுக்குப் போகிறது?

புது வீட்டுக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பெரிய வீட்டுக்காரர்கள் இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

முகப்பில் ஒரு மீட்டர், பின்கட்டில் ஒரு மீட்டர், பங்காளிகளுக்குத் தனித்தனியாக இன்னும் சில என்று ஒரே வீட்டில் பல சர்வீஸ் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். இ.பி. அட்டை அப்பச்சி பெயரிலேயே இருக்கும். வயரிங் ஒரே காலத்தில் செய்ததல்ல. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒவ்வொரு எலக்ட்ரீஷியன் வந்து கிடைத்த இடத்திலிருந்து லைன் எடுத்திருப்பார். மானிட்டர் வாங்கும் முன் செய்ய வேண்டியது இது:

பகல் வெளிச்சத்தில், உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, எல்லா அறையிலும் விளக்கையோ ஃபேனையோ போட்டு விடுங்கள். ஒரு மெயினை மட்டும் அணைத்துவிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். முகப்பு, வளவு (உள்முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி, மாடி, கிணற்றடி மோட்டார் என்று எது நின்றது, எது நிற்கவில்லை என்று ஒரு தாளில் குறியுங்கள். பிறகு அதைப் போட்டுவிட்டு அடுத்த மெயின்.

உங்கள் மெயினை அணைத்ததும் பங்காளி வீட்டு அறையில் ஃபேன் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். அவர் மெயினை அணைத்ததும் உங்கள் சாமி அறை இருட்டானாலும் அப்படித்தான். இதைக் கண்டுபிடித்த கையோடு வளவில் நின்று பஞ்சாயத்து வைக்காதீர்கள். கருவி மாட்டுவதற்கு முன்பே பெரியவர்களிடம், "எங்க பக்கத்துக் கரண்டைப் பார்க்க ஒரு மிஷின் மாட்டப்போறேன் பெரியப்பா, பொது மோட்டார் எவ்வளவு எடுக்குதுன்னும் தெரிஞ்சுக்கலாம்" என்று சொல்லிவைப்பது உத்தமம். பொது இடத்து போர்டு என்றால் எல்லாப் புள்ளியினரிடமும் (வீட்டில் பங்குள்ள குடும்பத்தாரிடமும்) வாட்ஸ்அப்பிலாவது ஒரு சம்மதம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொது மோட்டாருக்கு மட்டும் தனியாக ஓர் அளவு எடுத்து பில்லைப் பகிர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடு. ஆனால் அதை வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று லாபத்துக்கு வசூலிக்கும் வேலை வேண்டாம். மின்சாரத்தை விற்க நமக்கு உரிமம் கிடையாது.

கூடவே இரண்டு குறிப்புகள் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ஒரு பேஸா, மூன்று பேஸா? இடையில் பேஸ் சேஞ்சர் இருக்கிறதா? கரண்ட் ஒரு பேஸில் போனால் இன்னொரு பேஸுக்குத் திருப்பிவிடும் அந்தத் திருகு சுவிட்ச்தான் கருவி தேர்வில் பெரிய வில்லன்.

4. எதை வாங்குவது?

மூன்று வகை உண்டு.

ஸ்மார்ட் பிளக்: சுவரிலுள்ள பிளக்குக்கும் பொருளுக்கும் நடுவில் செருகுவது. ஃப்ரிட்ஜ், டி.வி. போன்ற ஒரே ஒரு பொருளை மட்டும் அளக்கும். 16 ஆம்பியர் தாங்குவதாகவும், மின்சார அளவு காட்டுவதாகவும் பார்த்து வாங்குங்கள். வெறும் ஆன்-ஆஃப் மட்டும் செய்யும் பிளக்குகளும் அதே உருவத்தில் விற்கின்றன. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதுவே போதும். கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

கிளாம்ப் வகை: மெயின் வயரைச் சுற்றிக் கவ்வும் ஒரு வளையம், அதிலிருந்து ஒரு சின்னப் பெட்டி. வயரை வெட்ட வேண்டாம், மொத்த வீட்டையும் அளக்கலாம். பூட்டிய வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன்.

மெயின் லைனே உள்ளே புகுந்து வெளிவரும் டி.பி. பாக்ஸ் (பியூஸ், சுவிட்சுகள் உள்ள மின்பெட்டி) மீட்டர்: அளவு நன்றாகக் காட்டும். ஆனால் வீட்டின் மொத்தச் சுமையும் அதன் ஸ்க்ரூக்கள் வழியாகப் போகிறது. ஸ்க்ரூ தளர்ந்தால் சூடேறிக் கருகும். தேக்குமர போர்டில், ஆள் இல்லாத வீட்டில், எனக்கு இதில் சம்மதமில்லை.

கிளாம்ப் வகையில் ஒரு பொறி உண்டு. சில மலிவுக் கருவிகள் வளையத்தில் வரும் ஆம்பியரை மட்டும் அளந்து, வோல்டேஜ் 230 என்று தாமாகவே வைத்துப் பெருக்கிவிடும். நம் ஊர்களில் சாயங்கால நேரத்தில் வோல்டேஜ் 230லேயே நிற்பதில்லை. அதைவிட முக்கியம், மோட்டார், பழைய சோக் போட்ட டியூப்லைட், இன்வெர்ட்டர் எல்லாம் பவர் ஃபாக்டர் குறைந்தவை, அதாவது வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் ஒரு பங்குதான் உண்மையான வாட். இ.பி. மீட்டர் அதைக் கணக்கில் எடுத்து உண்மையான வாட்டை அளக்கிறது; இந்தக் கருவிகள் எடுக்காமல் கூட்டிக் காட்டும். ஆகவே வோல்டேஜுக்கும் தனியாக வயர் இணைக்கும் கருவியாக, பவர் ஃபாக்டரையும் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். ஷெல்லி, துயா என்ற பிராண்டு வகைகளில் இப்படிப்பட்டவை உண்டு. கைவேலை தெரிந்தவர்கள் சென்னை ரிச்சி தெருவில் பி.செட்.இ.எம். என்ற மின் அளவி மாட்யூல் வாங்கித் தாங்களே செய்கிறார்கள். ஆனால் அதில் 230 வோல்ட் முனைகள் மூடி இல்லாமல் இருக்கும். பெட்டி போட்டு மூடத் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மூன்று பேஸ் வீடு என்றால் மூன்று வளையம் கொண்ட கருவிதான். "இப்போதைக்கு ஒரு பேஸை மட்டும் பார்ப்போம்" என்பது பேஸ் சேஞ்சர் உள்ள வீட்டில் உதவாது. மூன்று பேஸுக்கும் ஆர், ஒய், பி என்று பெயர். இன்றைக்கு ஆர் பேஸில் இருந்த ஃப்ரிட்ஜ் நாளைக்கு பி பேஸில் இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், அது 230 வோல்ட்டுக்கும் நம் மூன்று பேஸுக்கும் ஆனதா என்று முதலில் கேளுங்கள். அங்கே வீட்டு லைன் 120, 240 என்று இரண்டாகப் பிரிந்து வரும். அதற்கென்றே செய்த கருவிகள் இங்கே ஒத்துவராது.

5. செலவும் காகிதமும்

விலை கடைக்குக் கடை மாறும். ஸ்மார்ட் பிளக் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. ஒரு பேஸ் கிளாம்ப் கருவி இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து ஐயாயிரம். மூன்று பேஸ் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் கூலி தனி. கருவிக்கென்று தனியாக ஒரு சின்ன எம்.சி.பி. (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்), அதற்கொரு பெட்டி, ஒயர் என்று சில நூறு ரூபாய் ஆகும். கருவி வாங்கும் கடையில் ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். இடி மின்னலில் போனால் வாரண்டி கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய தாள்கள்: இ.பி. அட்டை, அதிலுள்ள சர்வீஸ் எண், கடந்த ஒரு வருடக் கணக்கு. அட்டையில் எழுதாமல் விட்டிருந்தாலும், மின்வாரியத்தின் இணையதளத்தில் சர்வீஸ் எண்ணைப் போட்டுப் பழைய கணக்குகளைப் பார்க்கலாம். கருவி மாட்டியது பயன் தந்ததா என்று ஒப்பிட இது வேண்டும்.

"பெயர் மாற்றாமல் இதைச் செய்யலாமா" என்று என்னிடம் பலர் கேட்டார்கள். கருவி மீட்டருக்குப் பின்னால், நம் பக்கத்து வயரிங்கில் மாட்டுவது. அட்டை யார் பெயரில் இருந்தாலும் அதற்குத் தடையில்லை. மீட்டர், அதன் முத்திரை, அதற்கு முன்னால் வரும் லைன், இவற்றில் மட்டும் விரல் படக்கூடாது. முத்திரை உடைந்திருந்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் திருட்டு என்று வழக்கு வரும் அளவுக்குப் போகும். ஏற்கெனவே உடைந்து கிடக்கிறதா? வேலை தொடங்கும் முன் போட்டோ எடுத்து, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

6. மாட்டும் நாள்

இதை நீங்களே செய்யாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்குள் வரும் பக்கம் உயிரோடுதான் இருக்கும். கம்பியாள் (வயர்மேன்) தகுதிச் சான்றிதழ் உள்ளவராகப் பார்த்துக் கூப்பிடுங்கள். ஊரில் எல்லா வீட்டுக்கும் போகும் ஒருவர் இருப்பார். அவர் நல்ல கைகாரராகவே இருக்கலாம், ஆனால் இந்தக் கருவியைப் பார்த்திருக்க மாட்டார். கீழே உள்ளதைப் பக்கத்தில் நின்று நீங்களே சரிபாருங்கள்.

வளையம் ஒரு வயரை மட்டும் கவ்வ வேண்டும், பேஸ் வயரை. பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். வீட்டில் எல்லாமே ஓடினாலும் திரையில் பூஜ்யம்தான். நம் பழைய வீடுகளில் இரண்டு வயரும் ஒரே மரப்பட்டைக்குள் வருவதால் இது அடிக்கடி நடக்கிறது.

வளையத்தின் வாய் முழுதாக மூட வேண்டும். இரண்டு பாதிக்கும் நடுவில் தூசியோ சுண்ணாம்புத் துகளோ இருந்தால் அளவு குறையும். வயர் தடிமனாக இருந்து வாய் மூடாவிட்டால் பெரிய வளையம் வாங்குங்கள். அழுத்தி மூட வேண்டாம்.

வளையத்தின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது மீட்டரிலிருந்து வீட்டைப் பார்க்க வேண்டும். தலைகீழானால் எண் மைனஸில் வரும். இது மட்டும் சுலபமாகச் சரிசெய்யக்கூடியது.

மூன்று பேஸில் எந்த வளையம் எந்த பேஸில் என்பது வோல்டேஜ் இணைப்போடு பொருந்த வேண்டும். ஆர் பேஸ் வளையத்துக்கு ஒய் பேஸ் வோல்டேஜைக் கொடுத்தால், 1000 வாட் இஸ்திரிப்பெட்டி மைனஸ் 500 வாட் என்று காட்டும். மைனஸ் பாதி வந்தால் வளையத்தைத் திருப்பாதீர்கள், பேஸ் மாறியிருக்கிறது. வளையத்தைத் திருப்பினால் பிளஸ் 500 ஆகி, சரியானதுபோல் ஏமாற்றும்.

வளையங்கள் பேஸ் சேஞ்சருக்கு முன்னால், மெயின் சுவிட்சுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கருவிக்கு வோல்டேஜ் எடுப்பதும் அங்கிருந்துதான், இன்வெர்ட்டர் லைனிலிருந்து அல்ல. "கரண்ட் போனாலும் கருவி ஓடட்டுமே" என்று இன்வெர்ட்டரில் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கொடுத்தால் கரண்ட் இல்லாத நேரத்து எண்களை நம்பவே முடியாது.

இன்னொன்று, பழைய வயர். ரப்பர் உறை போட்டது பல வருடச் சூட்டில் வறண்டு, அப்பளம்போல் நொறுங்கும். வளையம் மாட்ட அதைச் சற்று வளைத்தாலே செம்பு தெரியும். போர்டைத் திறந்ததும் அப்படி இருந்தால் அன்றைக்கு மானிட்டர் வேலையை நிறுத்திவிட்டு, மெயின் போர்டு வரையாவது வயரை மாற்றச் செலவு செய்யுங்கள். கருவியைவிட அதுதான் அவசரம்.

வேலை முடிந்து அவர் கிளம்பும் முன் கடைசியாக ஒன்று. செயலியை யார் செல்போனில் பதிவு செய்தார்? எலக்ட்ரீஷியன் தன் செல்போனில் சேர்த்து "பாருங்க, வேலை செய்யுது" என்று காட்டிவிட்டுப் போய்விட்டால், கருவி அவர் கணக்கில் மாட்டிக்கொள்ளும். அவர் நீக்கினால்தான் நீங்கள் சேர்க்க முடியும். உங்கள் கணக்கில் சேர்த்து, மற்றவர்களுக்குப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

7. வைஃபை

நம் வீட்டுச் சுவர் தடிமன் ஊரறிந்தது. முகப்பில் ரவுட்டர் வைத்து இரண்டாங்கட்டில் உள்ள கருவிக்குச் சிக்னல் வரும் என்று நம்ப வேண்டாம். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸையும் ஒரே பெயரில் தந்தால் முதல் முறை சேர்க்கும்போது தகராறு செய்யும். அப்போதைக்கு 5ஐ அணைத்துவிட்டுச் சேருங்கள்.

மாட்டும் முன்பே செல்போனை மெயின் போர்டுக்குப் பக்கத்தில் வைத்து, போர்டின் இரும்புக் கதவை மூடி, சிக்னலைப் பாருங்கள். கதவு இரும்பாக இருந்தால் கருவியைப் பெட்டிக்கு வெளியே தனி பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

பூட்டிய வீட்டில் பிராட்பேண்ட் இல்லையென்றால் சிம் போடும் 4ஜி ரவுட்டர். அதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் உண்டு. ரவுட்டர் 8 வாட் எடுத்தால் இரண்டு மாதத்துக்கு 11.5 யூனிட், கருவி 2 வாட் எடுத்தால் கிட்டத்தட்ட 3 யூனிட். கரண்டைப் பார்ப்பதற்கே இவ்வளவு கரண்ட். அடிச்சுமை ஏற்கெனவே 30 வாட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு இந்தச் செலவு வீண் என்று நான் நினைக்கிறேன்.

8. எண் சரியா என்று பார்த்தல்

செயலியில் அழகான கோடு வருவதால் அளவு சரி என்று ஆகிவிடாது. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இஸ்திரிப்பெட்டியை மட்டும் போடுங்கள். அது சூடேறித் தானாக அணைவதற்குள் மீட்டர் விளக்கின் பத்து மின்னலுக்கு நேரம் எடுங்கள். 3200 மீட்டரில் பத்து மின்னல் 11 விநாடி எடுத்தால் ஏறத்தாழ 1020 வாட். செயலியும் அதற்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். மூன்று பேஸ் வீட்டில் இந்தச் சோதனையை ஒவ்வொரு பேஸிலும் தனித்தனியே செய்யுங்கள்.

பிறகு இஸ்திரிப்பெட்டியை எடுத்துவிட்டு ஒரு டேபிள் ஃபேனை மட்டும் போட்டுப் பாருங்கள். 100 ஆம்பியர் வளையங்கள் சில, சின்னச் சுமையைச் சரியாகப் பிடிக்காது. நமக்கு வேண்டியதோ 70 வாட்டுக்குக் கீழே உள்ள கணக்கு! ஃபேனைப் போட்டும் எண் அசையவில்லையென்றால் குறைந்த ஆம்பியர் வளையமாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து மீட்டர் ரீடிங்கையும் செயலியின் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். நூற்றுக்கு இரண்டு, மூன்று வித்தியாசம் பரவாயில்லை. செயலி ஒன்றாம் தேதி தொடங்கி மாதக் கணக்குப் போடும், இ.பி. கணக்கு ரீடிங் எடுத்த நாளிலிருந்து இரண்டு மாதம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு "மீட்டர் அதிகமா ஓடுது" என்று புகார் எழுதாதீர்கள். ரீடிங் எடுத்த தேதியைக் குறித்துவைத்து அங்கிருந்து கூட்டுங்கள்.

9. அடிச்சுமையைத் தேடுதல்

ராத்திரி மூன்று மணிக் கோட்டைப் பாருங்கள். அதுதான் உங்கள் அடிச்சுமை. ஃப்ரிட்ஜ் இருந்தால் கோடு ஏறி இறங்கும். இறங்கி நிற்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில், செயலியைக் கையில் வைத்துக்கொண்டு, எம்.சி.பி.யையோ பியூஸ் கட்டையையோ ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி, எண் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதுங்கள்.

வழக்கமாகச் சிக்குகிறவர்கள்: இன்வெர்ட்டர், சி.சி.டி.வி. பெட்டியும் கேமராக்களும், செட்டாப் பாக்ஸ், காலியாக ஓடும் ஃப்ரிட்ஜ். இவர்களை எல்லோரும் சந்தேகப்படுவார்கள். யாரும் சந்தேகப்படாதது சாமி அறையில் எரியும் ஜீரோ வாட் பல்ப். பெயர்தான் ஜீரோ. பழைய இழை பல்பாக இருந்தால் 15 வாட் வரை இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 21 யூனிட்டுக்கு மேல். முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று, சாமி அறையில் ஒன்று என்று மூன்று எரிந்தால் இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் காலி. சாமி விளக்கை அணைக்கச் சொல்லி ஆச்சியிடம் பேச்சு வாங்க வேண்டாம். அரை வாட் எல்.இ.டி. பல்பாக மாற்றிவிடுங்கள், அதே சிவப்பிலேயே கிடைக்கிறது.

இன்வெர்ட்டரில் கவனிக்க ஒன்று. கரண்ட் வந்ததும் சார்ஜ் ஏறும்போது கோடு உயர்ந்து, சில மணி நேரத்தில் இறங்க வேண்டும். நாள் முழுதும் இறங்கவே இல்லையென்றால் பேட்டரி முடிந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டுகிறீர்கள், சி.சி.டி.வி.யும் அதில் இல்லை என்றால், அதற்கு அங்கே என்ன வேலை என்று யோசியுங்கள்.

10. மோட்டார்

இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு எனக்கு மோட்டாரிலேயே திரும்பிவிட்டது.

1 எச்.பி. மோட்டார் ஓடும்போது கோடு சுமார் 1000 வாட் ஏறி நிற்கும். மணிக்கு ஒரு யூனிட். தொட்டி நிறைந்து வழிவது தெரியாமல் ஓடினால் செல்போனிலேயே தெரிகிறது. ஒருநாள் கோடு வெகுநேரம் இறங்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எடுத்தார். "மோட்டார் போட்டீங்களாண்ணே?" என்றேன். "இப்பத்தான் தம்பி போட்டுட்டுக் கடைக்கு வந்தேன்" என்றார். பின்னால் தண்ணீர் சத்தத்துக்குப் பதில் பஸ் ஹாரன் சத்தம்.

கோடையில் போர்வெல்லில் தண்ணீர் இறங்கினால், நீர் இல்லாமல் வெறுமனே சுற்றும் மோட்டார் வழக்கத்தைவிடக் குறைவாக இழுக்கும். 1000 காட்டும் மோட்டார் 600, 700க்கு வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஓடவிட்டால் மோட்டார் போய்விடும். பிரஷர் பம்ப் உள்ள வீட்டில், ஆளே இல்லாதபோது சில நிமிடத்துக்கு ஒருமுறை கோடு சின்னதாக எகிறினால் எங்கோ ஒரு குழாய் சொட்டுகிறது.

11. அறிவிப்புகள்

எல்லா அறிவிப்பையும் போட்டால் இரண்டாம் நாள் அணைத்துவிடுவீர்கள். மூன்று போதும். 800 வாட்டுக்கு மேல் தொடர்ந்து முக்கால் மணி நேரம். வோல்டேஜ் 270க்கு மேல். கருவி ஒரு மணி நேரமாகத் தொடர்பில் இல்லை. மூன்று பேஸ் வீட்டில் நியூட்ரல் அறுந்தால் ஒரு பேஸில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி ஃப்ரிட்ஜையும் டி.வி.யையும் எரித்துவிடும். இரண்டாவது அறிவிப்பு அதற்குத்தான். அது வந்தால் யோசிக்க நேரமில்லை, போன் போட்டு மெயினை அணைக்கச் சொல்லுங்கள். அதையும் தானாகவே செய்யும் பாதுகாப்பு ரிலே ஒன்று சேர்த்து மாட்டுவது இன்னும் நல்லது; கருவி சொல்லும், ரிலே செய்யும்.

செல்போனிலிருந்தே மொத்த மெயினையும் அணைக்கும் வசதியுள்ள கருவியை மட்டும் வாங்க வேண்டாம். சிங்கப்பூரில் பேரன் விளையாட்டாகத் தொட்டால் இங்கே கேமராவோடு எல்லாம் போய்விடும். ரவுட்டரும் அணைந்துவிடுவதால் திரும்பப் போட அங்கிருந்து முடியாது.

ஊருக்குக் கிளம்பும் முன் ஓர் அட்டையில் இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, மெயின் போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்: எந்த மெயின் எந்தக் கட்டுக்கு, வளையம் எந்த வயரில், வைஃபை பெயரும் கடவுச்சொல்லும், எலக்ட்ரீஷியன் எண், உங்கள் எண், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மின்னகத்தில் முதலில் சர்வீஸ் எண்ணைத்தான் கேட்பார்கள். அதை அட்டையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.